பெட்டி பிரிக்காத ஜெனரேட்டர்

வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஆக்சிஜன் மெஷின் நின்றுவிட்டது. டெல்பின் ஓடி வந்தபோது இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த ராம்வதி, மூக்கிலிருந்த குழாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு டெல்பினைப் பார்த்தாள்.

டெல்லியில்தான் இருந்தது அந்த இடம். ஆனால் யமுனைக் கரையில், மின்கம்பமே எட்டிப் பார்க்காத காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே. ஓர் அறக்கட்டளை அங்கே தகரக் கொட்டகை போட்டு மருத்துவ மையம் நடத்தியது. நாகர்கோவிலிலிருந்து வந்து பதினாறு வருடமாக டெல்லியில் இருக்கும் டெல்பின்தான் அதன் நர்ஸ். கூரையில் சோலார் தகடுகள், பின்னறையில் பேட்டரிகள். வெயில் அடித்தால் குறையொன்றும் இல்லை. ஆனால் இது ஜனவரி. பனியும் புகையும் கலந்து ஆறு நாளாகச் சூரியனையே காணோம். கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. முந்தின நாள் முழுக்க அதை ஓட்டியும் பேட்டரி ஏறவில்லை. இருந்த பெட்ரோலும் இரவோடு தீர்ந்துவிட்டது.

கையிலிருந்த சிறிய சிலிண்டரை மாட்டினாள். அரைமணி நேரம் தாங்கும். தோட்டத்துக் காய்களை மண்டிக்கு ஏற்றிப்போகும் ஆரிப்பின் ஈ-ரிக்‌ஷாவில் ராம்வதியைப் படுக்கவைத்து, சிலிண்டரை மடியில் பிடித்துக்கொண்டு மெயின் ரோடுக்குப் போனாள். குண்டும் குழியுமான அந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் வராது. "ஜல்தி பையா, ஜல்தி" என்று வழி முழுக்க அவனை விரட்டிக்கொண்டே வந்தாள். போனில் சொல்லி ரோட்டில் நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸில் ஏற்றியபோது சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தது.

ராம்வதி பிழைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பென்சன் வந்தான். அறக்கட்டளையின் நான்கு மையங்களிலும் சோலாரைப் பார்த்துக்கொள்பவன், தூத்துக்குடிக்காரன்.

"நேத்து காலையிலேருந்து ஓடிச்சே தம்பி, பிறகும் ஏன் ஏறல்ல?"

"அந்த ஜெனரேட்டர் குடுக்க கரண்ட் வேற, பேட்டரிக்கு வேண்டிய கரண்ட் வேற அக்கா. நடுவுல சார்ஜர் மாத்திக் குடுக்கணும். நம்ம சார்ஜர் சின்னது, சொட்டு சொட்டாத்தான் விடும். டிசி ஜெனரேட்டர்னா நேரா பேட்டரிக்கே தள்ளும். பேட்டரி இறங்குனா தானா ஸ்டார்ட் ஆவும். ரெண்டு மூணு மணி நேரத்துல ஏத்தி விட்டுரும். டீசல் கூட இல்ல, காஸ்ல ஓடுறது."

"அப்போ அத வாங்கச் சொல்லி எழுதிக் குடுத்தா என்ன?"

பென்சன் ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வாங்கியாச்சுக்கா. அக்டோபர்லயே வந்துட்டு. கிட்வாய் நகர் ஆபீஸ் ஸ்டோர்ல பெட்டி பிரிக்காம கெடக்கு. சிவகுமார் சார்தான் மாட்ட வேண்டாம்னுட்டாரு. 'நூறு சதவீதம் சூரியசக்தி'ன்னு போர்டு வச்சிருக்கோம்லா? பணம் குடுக்கவங்க வந்து பாத்தா நல்லாருக்காதாம்."



"நீ தெரிஞ்சிட்டாக்கும் மூணு மாசமா வாய மூடிட்டிருந்தே?"

"வேலைய விட்டு எடுத்துருவாருன்னு..."

"அந்த அம்மா வழியிலேயே போயிருந்தா என்ன சொல்லியிருப்பே? அப்பவும் இப்படி ஸ்பேனரத் துடைச்சிட்டு நிப்பியா?"

கத்தி முடித்த பிறகுதான் அவளுக்கு டிசம்பர் ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. 'மின்வசதி: திருப்தி' என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். எழுதினால் பதில் சொல்ல வேண்டிவரும் என்று சோம்பிப் போட்ட கையெழுத்து. அன்று இரவு அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை கிட்வாய் நகர் அலுவலகத்தில் திட்ட அதிகாரி சிவகுமார் டீ குடித்துக்கொண்டிருந்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"ஆயியே சிஸ்டர், உக்காருங்க. அந்த லேடி நல்லாயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். சலோ, ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகல்லையா?" டெல்பின் உட்காரவில்லை. "நீங்க அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னீங்களா சார்? குழாயத் தொட்டுப் பாத்துட்டு என்னைப் பாத்தாவ. வாழ்நாள் முழுக்க எனக்கு அந்தப் பார்வை மறக்காது. நீங்க ஒண்ணும் ஆகல்லைன்னு டீ குடிக்கிறீங்க."

"இவ்ளோ குஸ்ஸா எதுக்கு, கோவப்படாதீங்க. திங்கள்கிழமை வெளிநாட்டுலேர்ந்து ஆளுங்க வராங்க. சோலார்னு சொல்லித்தான் உதவி கேட்டோம். அங்க தட் தட்னு ஒரு இன்ஜின் ஓடினா என்ன நெனப்பாங்க?"

"நோயாளிக்கு மூச்சு ஓடுதுன்னு நெனப்பாவ."

"அச்சா, ஒரு லெட்டர் குடுங்க. அப்ரூவல் ஆகட்டும்."

"லெட்டரா? பனி உங்க அப்ரூவலுக்குக் காத்துக் கிடக்குமா?" மேஜையில் கையை ஊன்றினாள். டீ தளும்பி ஃபைலில் சிந்தியது. "இன்னைக்கு அது வரல்லைன்னா இன்னைக்கே அந்த மையத்தப் பூட்டுவேன். ஏன் பூட்டினேன்னு திங்கள்கிழமை வாறவங்ககிட்ட நானே சொல்லுவேன்."

சிவகுமார் வாயைத் திறப்பதற்குள் பின்பக்கம் சாவிக்கொத்து சத்தம் கேட்டது. ஸ்டோர் பொறுப்பாளர் அய்யாசாமி, பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தவர், ஸ்டோர் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

"அய்யாசாமி! யாரு உங்களைத் தொறக்கச் சொன்னது?"

"தூசி தட்டலாம்னு தொறந்தேன் சார்" என்றார் அய்யாசாமி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

டெல்பின் சொன்னபடி ஆரிப் யாரிடமோ டெம்போ வாங்கி வந்து வெளியே நிறுத்தியிருந்தான். பெட்டியை நான்கு பேர் தூக்கினார்கள். பென்சன் ஒரு முனையைப் பிடித்திருந்தான். சிவகுமார் வாசலில் நின்று போனில் யாருக்கோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு யாரும் நிற்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குப் பென்சன் கனமான கேபிள் இரண்டைப் பேட்டரியில் இறுக்கி, ஜெனரேட்டரை ஓட்டினான். மீட்டர் எண்பது ஆம்பியர் காட்டியது. பழைய ஜெனரேட்டரில் பத்தைத் தாண்டியதே இல்லை. இருட்டுவதற்குள் தடுப்பூசி ஃபிரிட்ஜும் ஆக்சிஜன் மெஷினும் ஒன்றாக ஓடின. பென்சன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். டெல்பின் சிரிக்கவில்லை. இவ்வளவுதான் வேலையா என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம்தான் ஏறியது. மூன்று மாதமாகப் பெட்டிக்குள் கிடந்தது இந்த மூன்று மணி நேர வேலை.

திங்கள்கிழமை விருந்தினர்கள் வந்தபோதும் பனி விலகவில்லை. "பத்து நிமிஷம் ஆஃப் பண்ணுங்க" என்று சிவகுமார் காதோரம் கெஞ்சினார். டெல்பின் காது கேளாதவள்போல நின்றாள். வந்தவர்களில் ஓர் அம்மாள் அது என்ன சத்தம் என்று கேட்டார். வியாழக்கிழமை நடந்ததை டெல்பின் ஒன்றுவிடாமல் சொன்னாள், டிசம்பரில் தான் போட்ட கையெழுத்து உட்பட. அந்த அம்மாள், மற்ற மூன்று மையங்களிலும் இது இருக்கிறதா என்று சிவகுமாரைக் கேட்டார். அவர் கையிலிருந்த ஃபைலைப் புரட்டத் தொடங்கினார்.

அனுமதியில்லாமல் பொருளை எடுத்துப் போனதற்கு டெல்பினுக்கு மெமோ வந்தது. 'ஆமாம், எடுத்தேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பினாள். சிவகுமார் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். பிப்ரவரிக்குள் மற்ற மூன்று மையங்களில் இரண்டில் டிசி ஜெனரேட்டர் மாட்டியாகிவிட்டது. மூன்றாவதற்கு இன்னும் வரவில்லை. ஃபைல் நகர்கிறது என்கிறார்கள்.

அது எப்போது வரும் என்று கேட்க டெல்பின் தினமும் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு போன் செய்கிறாள். சில நாள் எடுக்கிறார்கள்.