நூல் மில்காரியின் மகள்

நூல் மில்லின் ஷெட்டுக்குள் யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லை. பேசினாலும் மெஷின் இரைச்சலில் கேட்காது. கையசைப்பும் உதட்டசைவும்தான் பேச்சு. அறுந்த இழையை விரலால் ஒட்டிக்கொண்டிருந்தவளின் தோளை யாரோ பிடித்து உலுக்கினார்கள். பக்கத்து மெஷின்காரி. ஒல்லி உடம்பும் சுருக்கென்ற பேச்சும் சேர்ந்து அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வாங்கிக் கொடுத்திருந்தன.

குண்டூசி உள்ளங்கைகளைப் புத்தகம்போல விரித்துக் காட்டினாள். புரியவில்லை. கடைசியில் காதோடு வாய் வைத்துக் கத்தினாள்.

"உன் பொண்ணுக்கு முதலாளியோட உதவித்தொகை கிடைச்சிருச்சுக்கா! மேல்படிப்பு மொத்தமும் அவர் செலவு!"

ஒட்டிய இழை மறுபடி அறுந்தது. அவள் நின்ற இடத்திலேயே குதித்தாள். முறைத்துக்கொண்டு வந்த சூப்பர்வைசரும் விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டுப் போனார்.

"இத்தனை வருஷம் நாம நூல் சுத்தினோம். இனிமே உன் பொண்ணு நூல் படிக்கட்டும்!" என்றாள் குண்டூசி, ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும். தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டக்கூட மறந்து இருவரும் தெரு அதிரச் சிரித்தார்கள்.

மகள் சேர்ந்த கல்லூரிக்கு முதலாளி கட்டிக் கொடுத்த நூலகத்தின் திறப்பு விழாவில், உதவித்தொகை பெறும் மாணவர்கள் சார்பில் மகள்தான் நன்றி சொல்ல வேண்டும். சமையல் மேடைக்கு முன்னால் நின்று மகள் பேசிப் பழகினாள். பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அங்க நான் பேசறது உனக்குக் கேக்காதேம்மா."

அம்மாவுக்குக் காது மந்தமானதற்கு வயசுதான் காரணம் என்று மில் டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

"உன் உதட்டைப் பாத்தாப் போதும்டி. அதையே படிச்சிருவேன்" என்றாள் அம்மா.

விழாவன்று மில் வேனே வந்து அழைத்துப் போனது. ஷெட் பெண்கள் எல்லாரும் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தார்கள். மேடையில் மகள் எழுந்து நின்றபோது அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். மைக் மகளின் வாயைச் சுத்தமாக மறைத்துவிட்டது. கண்கள் மட்டும் பளபளத்தன. குண்டூசி இடித்த இடத்தில் எல்லாம் அவள் கை தட்டினாள். இடிக்காத இடத்திலும் தட்டினாள்.

பிறகு முதலாளி தானே எல்லாரையும் உள்ளே கூட்டிப்போனார். உயர உயரமான அலமாரிகள், காலடி கேட்காத தரைவிரிப்பு. மாணவர்கள் அதற்குள் உட்கார்ந்து படிக்கத் தொடங்கியிருந்தார்கள். முதலாளி சன்னலைத் தட்டிக் காட்டினார்.

"ரெட்டைக் கண்ணாடிம்மா. வாசல்ல லாரி போனாக்கூட உள்ள சத்தம் வராது. நான் படிக்கறப்போ வீட்ல ஒரே இரைச்சல். இந்தப் பிள்ளைங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்."

குண்டூசி சன்னலைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குங்கய்யா. இந்தக் கண்ணாடி எங்க கிடைக்குதாம்?"

முதலாளி சிரித்தபடி மகளின் தலையில் கை வைத்தார். அதைப் பார்த்ததும் அம்மா ஓரடி முன்னால் வந்தாள். இத்தனை நாள் மனதில் அடைத்து வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"இவ என் பொண்ணுங்கய்யா! நீங்க மகராசனா இருக்கணும்!"

கூடம் முழுக்க அது எதிரொலித்தது. படித்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். முதலாளி முகம் சுளிக்கவில்லை. புன்னகை மாறாமல் ஒரு விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினார்.

அவளுக்கு உடனே புரிந்தது. சட்டென்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் பக்கமாகச் சாய்ந்து, தன்னால் முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்தி, ரகசியம் போல மறுபடியும் சொன்னாள்.

"என் பொண்ணுங்கய்யா!"

கடைசி மேசை வரைக்கும் தலைகள் இன்னொரு முறை திரும்பின.