பரவாயில்லாத சாலை

அந்த வனப் பூங்காவில் எங்கள் வண்டி போய் நிற்கக்கூடிய முகாம்கள் இரண்டே இரண்டுதான். மற்றதெல்லாம் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்காரர்களுக்கு. எங்களுடையது வீட்டு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு, ஆனால் இழுப்பது பின்சக்கரம் இரண்டு மட்டும். எடை அதிகம், வயிறு தாழ்வு, என்னைப் போலவே.

முதல் முகாம் வனக்காவலர் அலுவலகத்துக்குப் பக்கத்தில். வாசல்வரை தார்ச்சாலை, செல்போனும் எடுக்கும். கூட்டம் அள்ளும், ஜெனரேட்டர் உறுமும், கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டும். இரண்டாவது ஆற்று வளைவில் இருந்தது. பெரிய பெரிய தைல மரங்கள், ஆளுக்கொரு மூலை, கூப்பிட்டால் கொக்கட்டூக் கிளிகள்தான் பதில் சொல்லும். ஆனால் போகிற வழி முழுக்கக் கரிசல் மண். 'மழை இல்லாதபோது பின்சக்கர வண்டிகளும் செல்லலாம்' என்று வரைபடத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

நான் முதலாவதைத்தான் சொன்னேன். என் கணவன் நெவிலுக்குப் போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். "ஊர் சுத்துங்க, நான் வேண்டாங்கல. ஆனா ஆம்புலன்ஸ் வந்து சேர்ற எடமாப் பாத்துத் தங்குங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். நெவில் தலையை ஆட்டினான், அதோடு சரி.

ஊருக்கு வெளியே இருந்த வீட்டு வண்டிகள் தங்குகிற பேட்டையில் உட்கார்ந்து இரண்டு பேரும் இதற்காகச் சண்டை போட்டோம். நெவில்தான் ஆரம்பித்தான், ரே என்று என் பெயரைச் சொல்லி.

"ஜெனரேட்டர் சத்தத்துல படுக்கறதுக்கா ரே வீட்ட வித்துட்டுக் கெளம்புனோம்?"

"பின்ன, நீ செத்துப் போறதுக்கா வித்துட்டுக் கெளம்புனோம்?"

"சாகறதுன்னா கொஞ்சம் சத்தமில்லாத எடத்துல சாகலாம்ல?" என்று சொல்லிச் சிரித்தான். அவன் பேச்சே அப்படித்தான். எதையும் சிரித்து மூடிவிடுவான், மூடியதை நாம்தான் திறந்து பார்க்க வேண்டும்.

ஆறு, மரம் என்பதெல்லாம் சாக்கு. உண்மையான காரணம் கீத். ரயில்வே பட்டறையில் நெவிலோடு வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவன். மனைவி போன பிறகு தனியாக ஊர் சுற்றுகிறான். அவனுடையது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதைப் பற்றி அவன் அடிக்கிற சவடாலைக் கேட்டால் அது ஏறாத மலையே கிடையாது. எங்கள் வண்டிக்கு அவன் வைத்த பெயர் 'தள்ளுவண்டி'. அவன் எங்களுக்கு முன்பே ஆற்று முகாமுக்குப் போய்விட்டிருந்தான். அன்று மாலை சிக்னல் கிடைக்கிற குன்றின்மேல் ஏறிப் போன் பண்ணினான்.

"என்னடா பெருசு, தள்ளுவண்டிய எங்க நிறுத்தி வச்சிருக்க? காய்கறிக் கடை வாசல்லயா?"

"ஊர்லதான்டா இருக்கோம். ரோடு எப்படி?"

"பரவாயில்ல."

இந்த நாட்டு ஆண்கள் இந்த ஒரு வார்த்தையை வைத்தே காலத்தை ஓட்டிவிடுவார்கள். மாடுகளில் பாதி செத்துப்போன வறட்சியில் "பண்ணை எப்படி இருக்கு?" என்று கேளுங்கள், பரவாயில்ல. குதிரையிலிருந்து விழுந்து கால் எலும்பு வெளியே தெரிகிறவனைக் கேளுங்கள், பரவாயில்ல. மணப்பெண்ணாக நான் வந்து நின்றபோது நெவில் சொன்ன உச்சபட்சப் புகழ்ச்சியும் அதுதான். நல்லதா கெட்டதா என்பதைச் சொல்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். போனில் முகத்துக்கு எங்கே போவது?

நான் போனைப் பிடுங்கினேன்.

"கீத், மழுப்பாம நேராச் சொல்லு. எங்க வண்டி வருமா, வராதா?"

"கொஞ்சம் பாத்து வரணும் ரே. வந்துரலாம்."

"வழியில சேறு கீறு?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினான். "ஒரு எடத்துல கொஞ்சம் பொதபொதன்னு இருக்கும். பெருசா ஒண்ணுமில்ல."

நெவிலைப் பார்த்தேன். அவன் முகத்தில் பல மாதம் கழித்து ஒரு தெளிவு. மாரடைப்புக்குப் பிறகு அவனை நாங்கள் எல்லோரும் முட்டையைத் தூக்குகிற மாதிரிதான் தூக்கி வைத்தோம். மகள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். பழையபடி அவனைக் கேலி செய்கிறவன் கீத் ஒருவன்தான். அந்தக் கேலிக்காக நெவில் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தான் என்று எனக்குத் தெரியும். சரி, போகலாம் என்றேன்.

போகும்போது சாலை காய்ந்து வெடித்துக் கிடந்தது. பாதி வழியில் ஒரு பள்ளம். வண்டி பின்பக்கம் ஒரு தரம் ஆடிவிட்டு ஏறிக்கொண்டது. "பாத்தியா?" என்று நெவில் ஸ்டியரிங்கைத் தட்டினான். முகாமில் கீத் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினான். "தள்ளுவண்டி வந்துருச்சுய்யா! வழி விடுங்க, வழி விடுங்க!"

பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன, அதை இல்லையென்று சொன்னால் பொய். இரண்டு கிழவர்களும் ஆற்றில் தூண்டில் போட்டு ஒரு மீன்கூடப் பிடிக்காமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். தணலில் ரொட்டி சுட்டோம், பீர் குடித்தோம். நெவில் தூக்கத்தில் குறட்டை விட்டான். நான் விழித்திருந்து அதைக் கேட்டேன்.

ஒரு நாள் காலை வடமேற்கில் மேகம் கறுத்தது. வனக்காவலர் பெண் ஜீப்பில் வந்து இறங்கினாள். "மழை வருதுங்க. மத்தியானத்துக்குள்ள ரோட்ட மூடிருவோம். உங்க வண்டின்னா இப்பவே கெளம்பிருங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தேன். நெவில் கீத்தைப் பார்த்தான்.

"தூறல்டா. இதுக்கா ஓடறது?" என்றான் கீத்.

அவ்வளவுதான், நெவில் இன்னொரு கோப்பைத் தேநீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கீத் முன்னால் முதலில் ஓடுகிறவனாக இருந்தால் மானம் கப்பலேறிவிடுமாம். நான் கத்தினேன், கையிலிருந்த தட்டை வீசினேன், தனியாக நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் எழுந்தான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"முன்னால போங்கடா. மாட்டுனா நான் பின்னாலயே வந்து இழுத்து விடறேன்" என்றான் கீத்.

கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று கரிசலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண் சக்கரத்தில் அப்பி, அப்பியதன்மேல் அப்பி, கடைசியில் சக்கரமே சுழலவில்லை. அந்தப் பள்ளத்தில் வண்டி உட்கார்ந்தது. கீத் பின்பக்கம் இழுவைப் பட்டை கட்டி இழுத்தான். அவன் வண்டியும் பக்கவாட்டில் வழுக்கிப்போய் ஓரத்தில் சாய்ந்து நின்றது. நெவிலுக்கு வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஏன்டா, நாலு சக்கரமும் இழுக்குதா? எந்தப் பக்கம்டா இழுக்குது?"

சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தான்.

"அதக் கீழ வை, நெவ்."

"ரெண்டு தள்ளு தள்ளுனா வந்துரும் ரே."

"நீ தோண்டக் கூடாது! கீத், அவன்கிட்டேருந்து அதப் புடுங்கு!"

"குடுடா, நான் தோண்டறேன்."

"நீ ஒன் வண்டிய மொதல்ல நிமுத்துடா, பெரிய மலையேறி!"

மழையில் நனைந்துகொண்டு, இருபது வயதுப் பையனைப் போலத் தோண்டினான். நான் கையைப் பிடித்தேன், உதறினான். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். முகம் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது.

"நெவ், நெஞ்சு வலிக்குதா?"

"பரவாயில்ல."

இந்தத் தடவை முகம் எதிரே இருந்தது. அதில் எல்லாமே எழுதியிருந்தது. நான் ஓடிப்போய், சிக்னல் இல்லாத இடத்திலும் உதவி கேட்பதற்காக வண்டியில் வைத்திருந்த ஆபத்துக் கருவியை எடுத்து அழுத்தினேன். திரும்பி வருவதற்குள் அவன் சேற்றில் விழுந்திருந்தான். கீத் அவன் நெஞ்சை அழுத்தினான், நான் வாயில் ஊதினேன். அழுத்த அழுத்த அவன் உடம்பு சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது. அடியில் பலகை கொடுத்து மறுபடி அழுத்தினோம். மேகம் மரத்தின் தலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஹெலிகாப்டரின் சத்தம் ஒரு தடவை கேட்டது, இறங்க முடியாமல் திரும்பிப் போய்விட்டது. கீத்தின் கைகள் ஓய்ந்தபோது நான் போதும் என்று சொல்லவில்லை. அவனாகவே நிறுத்தினான்.

மறுநாள் மேகம் விலகிய பிறகுதான் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நெவிலைப் புதைத்தோம். சாலை காய்ந்து திறந்ததும் நான் வண்டியை எடுக்கப் போக வேண்டியிருந்தது. எனக்கு வேறு வீடு கிடையாது. கீத்தான் கூட்டிக்கொண்டு போனான்.

பள்ளத்தில் வண்டி அப்படியே இருந்தது. சேறு செங்கல்லாக இறுகிச் சக்கரங்களைப் பிடித்திருந்தது. கீத் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இதே எடத்துலதான் நானும் மாட்டுனேன் ரே."

"எப்ப?"

"மொதமொத உள்ள வந்த அன்னிக்கு. அதுக்கு முன்னாடி பேஞ்ச மழையோட ஈரம். அடிவயிறு வரைக்கும் எறங்கிருச்சு. நாள் பூரா நின்னேன். பூங்காக்காரங்க டிராக்டர் வந்துதான் இழுத்துச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் முன்னால் போய் நின்றேன்.

"அப்புறம் ஏன்டா பரவாயில்லன்னு சொன்ன?"

"வெளிய வந்துட்டேன்ல... அப்ப பரவாயில்லதான?" அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "வண்டியப் பத்தி அவ்வளவு பீத்திக்கிட்டவன், நெவில்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பானே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நான் அறைந்தேன். மறு கன்னத்திலும் அறைந்தேன். அவன் கையைத் தூக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் மண்டியிட்டான்.

வெயில் ஏறியது. நான் வண்டிப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கழுத்து சிவந்தது, மூச்சு இரைந்தது, ஒவ்வொரு கொத்துக்கும் முனகினான். அவனுக்கும் நெவிலின் வயதுதான். நான் நிறுத்தச் சொல்லவில்லை. விழட்டும் என்றுதான் நினைத்தேன், ஆமாம், விழட்டும் இதே பள்ளத்தில் என்று.

மண்வெட்டி நின்றது. எழுந்து போனேன். அவன் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

"மழுப்பாத. வலிக்குதா?"

"வலிக்குது ரே" என்றான். "ரொம்ப வலிக்குது."

நிழலில் கொண்டுபோய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நெஞ்சிலா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டிவிட்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தான். மிச்சத்தை நானே தோண்டினேன். இத்தனை வருட வாழ்க்கையில் ஓர் ஆண் வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்க வேண்டிய வாயிலிருந்து நான் அதைக் கேட்கவே இல்லை.