காலமான மேனேஜருக்கு ஒரு கடிதம்

என் மூக்குக்கண்ணாடியின் மேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

முப்பத்து நான்கு வருஷம் அலுவலகக் கடிதங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். என் மருமகள் ஒரு கம்பெனியில் பிஸ்கட் பெட்டிகளுக்குப் படம் வரைகிறாள். அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் கிடந்த அவள் போன் கத்தியது. எடுத்துப் பார்த்தேன். மீசை சரியாக முளைக்காத அவளுடைய மேனேஜர் அனுப்பியிருந்தான்: "யூ கில்ட் இட். ஐ ஆம் டெட்."

இவள் கொன்றிருக்கிறாள். அவன் செத்திருக்கிறான். போலீஸ் வருவதற்குள் குடும்ப மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா? அவள் பெயரில், இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில் பதில் அடித்தேன்: 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் காலமான செய்தியைத் தாங்களே தெரிவித்தமைக்கு நன்றி. நடந்த கொலைக்கு ஆழ்ந்த வருத்தம். இக்கணமே வேலையை ராஜினாமா செய்கிறேன்.'

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்து, அதை ஆபீஸ் முழுக்க அனுப்பினான். சிரித்த சிரிப்பில் நான்கு நாற்காலிகள் உடைந்தன. லிஃப்ட் நடுவழியில் நின்றது. சிரிக்காதவர் ஒருவர்தான். ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த நிர்வாக அதிகாரி. என் ஆங்கிலம் புரிந்த ஒரே மனிதர். மாலைக்குள் ராஜினாமாவை ஏற்று முத்திரை குத்திவிட்டார்.

"என் போனை யாரு தொட்டது?" என்றாள் மருமகள்.

நான் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பழி என் மகன் மேல் விழுந்தது. மூன்று நாள் அவன் திட்டு வாங்கினான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான்காம் நாள் ஒப்புக்கொண்டேன்.

"ஐயோ மாமா! பிரமாதமா வரைஞ்சிருக்கே, அசந்துட்டேன்னு அர்த்தம். தமிழ்லயே 'கொன்னுட்டே'ன்னு பாராட்டறதில்லையா?"

"பாராட்டுவோம்மா. இங்கிலீஷ் கௌரவமான பாஷைன்னு நெனச்சுட்டேன்."

"சரி, அது தெரியாம நடந்தது. உங்க புள்ள மூணு நாளா திட்டு வாங்கறப்ப வாயைத் தைச்சா வெச்சிருந்தீங்க?"

நான் மறுபடியும் செய்தித்தாளைத் தேடினேன்.

தான் உயிரோடு இருப்பதாக மேனேஜர் சான்றிதழ் கொண்டுவந்த பிறகுதான் அதிகாரி ராஜினாமாவை ரத்து செய்தார். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் மருமகள் என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை. "ரெஸ்பெக்டட் சார், சாப்பிட வாங்க" என்கிறாள். மூன்று வேளையும் அது குத்துகிறது.

இன்னொரு தகவல்: அந்த முப்பத்து நான்கு வருஷமும் நான் அலுவலகத்தில் கடித உறைகளுக்குத் தபால்தலை ஒட்டினேன், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது. சத்தியம் செய்த மூக்குக்கண்ணாடியும் என்னிடம் கிடையாது.