சிங்காரத்தின் ஏழு நாள் மருந்து

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, கிளினிக்கைச் சாத்தப் போகிற நேரம் பார்த்து வேலாயி வந்து நின்றாள். கையில் மார்ஃபின் புட்டி. காலி.

"மருந்து தீந்துபோச்சி டிரசரய்யா. அடுத்த புட்டி வேணும்லா."

குணாளன் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுப்பவரை இந்த மலையில் டிரசர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக அவர்தான் இங்கே டிரசர். எலும்பில் புற்றுநோய் வந்த வேலாயியின் புருஷன் சிங்காரத்துக்காக அவர் கொடுத்த புட்டி அது. சிங்காரம் செத்து ஒரு வாரமாகிவிட்டது.

"யாரும்மா குடிச்சா?"

"அவருதான். வேற யாரு?"

நோயாளி இறந்தால் மிச்ச மருந்தைத் திரும்ப வாங்கி, பதிவுப் புத்தகத்தில் எழுதி, சாட்சி வைத்து அழிக்க வேண்டும். சட்டம் அப்படி. குணாளன் சட்டத்தில் ஒரு எழுத்து பிசகாதவர். அப்படிப்பட்ட மனிதர் ஏழு நாளாக அந்தப் புட்டியைக் கேட்டுப் போகவில்லை. போக முகம் இல்லை.

போன வாரம் புதன்கிழமை பெய்த மழையில் தோட்டத்துச் சாலை வளைவில் மண் சரிந்து வழியை அடைத்துக்கொண்டது. வியாழக்கிழமைதான் டாக்டர் வரும் நாள். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஏழு நாளைக்குத்தான் செல்லும். பழைய புட்டி அன்று காலையோடு தீர்ந்தது. டாக்டர் கீழே ரிங்லெட் டவுனிலிருந்து போன் போட்டு, "குடுத்துருங்க குணாளன், வந்து சைன் வைக்கிறேன்" என்றார். காய்ச்சல் மாத்திரை என்றால் சரி. இந்த மருந்துக்கு வாய்வார்த்தை செல்லாது. முதலில் கையெழுத்து, பிறகுதான் மருந்து அலமாரிச் சாவி. வேலாயி வந்து கிளினிக் படியில் உட்கார்ந்து, "தொறங்கய்யா, ஒரு மூடி போதும்" என்று கும்பிட்டாள். சிங்காரம் போட்ட சத்தம் தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நிற்கும் லயத்தையும் தாண்டி, தேயிலை மேட்டையும் தாண்டி, கிளினிக்குக்குள் வந்து விழுந்தது. குணாளன் காதைப் பொத்திக்கொண்டாரே தவிர அலமாரியைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் டாக்டர் சரிந்த மண்ணில் நடந்தே வந்து கையெழுத்துப் போட்டார். குணாளன் புட்டியை எடுத்துக்கொண்டு ஓட்டமாய் ஓடினார். வாசலை மிதிக்கும்போதே உள்ளே வேலாயி அலறிவிட்டாள். திறக்காத புட்டியை அங்கேயே ஒரு மூலையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தவர்தான்.

இப்போது அந்தப் புட்டி காலி. இருநூற்றுப் பத்து மில்லி.

இவளே குடித்துவிட்டாளோ? டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்துப் பார்த்தார். மார்ஃபின் குடித்தவர்களின் கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருக்கும். வேலாயியின் கண்மணி சாதாரணமாய் இருந்தது. பேச்சிலும் குழறல் இல்லை. ஒரே மகன் காடாத்து முடிந்த அன்றே ஜொகூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

"எப்படிம்மா குடிச்சாரு?"

"பதினாறு வரைக்கும் வெளக்கும் தண்ணியும் வைக்கிறோம்ல. அதோட நீங்க குடுத்த அளவு மூடில மருந்தையும் அளந்து வச்சேன். ஆசப்பட்டதத்தான வைப்பாங்க? அந்த மனுசன் கடைசியா ஆசப்பட்டது அது ஒண்ணுதான். நாலு மணிக்கொருதரம். வச்சா காஞ்சிரும். இன்னைக்கிப் பத்து மணிக்கிக் கடைசி மூடி. இனி ரெண்டு மணிக்கி வைக்கணும்."

குணாளன் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஐந்து மில்லி, ஏழு நாள். போன சனி இரண்டு மணிக்குத் தொடங்கினால் இன்று பத்து மணிக்கு முடியும். ஒரு சொட்டு கூடவுமில்லை, குறையவுமில்லை.

"நடம்மா, பாப்போம்" என்றார். பயம்தான். ஆனாலும் போகாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

லயத்தை மூடுபனி மூடிக் கிடந்தது. பட்டப்பகலில் எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. பக்கத்து வீட்டு முருகையா குடும்பத்தோடு கோலா தெர்லாவுக்கு மச்சான் வீட்டுக்குப் போய்விட்டாராம். ஏன் என்று வேலாயி சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

உள்ளே சிங்காரத்தின் படம், விளக்கு, செம்பில் தண்ணீர், பக்கத்தில் காய்ந்த பிளாஸ்டிக் மூடி. சுவரோரம் அவர் கிடந்த கட்டில். பாயைச் சுருட்டி வைத்திருந்தாள். இருவரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

இரண்டு அடித்தது. வெறுங்கட்டிலில் யாரோ முனகினார்கள்.

குணாளனுக்கு யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. இரண்டு நாள் கேட்ட குரல். முதலில் மெல்லிய முனகல், பிறகு பல்லைக் கடிக்கும் சத்தம், பிறகு "ஐயோ... ஐயோ..." கட்டில் பலகை கிறீச்சிட்டது. அதன்மேல் ஒன்றும் இல்லை.

"மருந்து ஊத்துனா அடங்கிருவாரு" என்றாள் வேலாயி. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் குணாளனைச் சுட்டது.

"செத்தவருக்கு எந்த டாக்டரும்மா சீட்டு எழுதுவாரு?"

"எழுத மாட்டாங்க. எனக்குத் தெரியாதா? சாவி யாரு கையில இருக்கு?"

குணாளன் வெளியே பாய்ந்தார். தேயிலைச் சந்தில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார். சத்தம் பின்னாலேயே வந்தது. சீட்டு இல்லாமல் இந்த அலமாரியைத் திறந்தால் வேலை போகும், கோர்ட்டுப் படியும் ஏற வேண்டிவரும். எல்லாம் தெரிந்துதான் சாவியைப் போட்டார். பூட்டு ஒரே திருப்பில் திறந்துகொண்டது. இவ்வளவுதானா? இதற்கா அந்த மனிதனை இரண்டு நாள் துடிக்கவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னார். பதிவுப் புத்தகத்தை விரித்தார். பெயர், சிங்காரம். நேரம், இரண்டு இருபது. டாக்டர் கையெழுத்துப் போடும் இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினார்.

புட்டியோடு அவர் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. வேலாயி கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மூடிய எடும்மா, ஊத்துறேன்."

"வேணாங்கய்யா. நின்னுருச்சி."

"ஊத்தவே இல்லியே?"

வேலாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அலமாரிய எத்தன மணிக்கித் தொறந்தீங்க?"

"ரெண்டு இருவது."

"அப்பதான் நின்னுச்சி" என்றாள் வேலாயி. "அன்னைக்கே தொறந்திருக்கலாம்லய்யா."

குணாளன் புட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.