முதலில் நீ ஆ சொல்லு

குழந்தைக்கு ஊட்டுகிறவர் யாராயிருந்தாலும், கரண்டி குழந்தையின் உதட்டருகே போகும்போது அவர் வாயும் தானாகத் திறந்துகொள்ளும். யாரும் சொல்லித் தந்து வருவதில்லை, வேண்டாமென்றாலும் நிற்பதில்லை. குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் மாடி வார்டில் இது சற்று அதிகம். மருந்து நேரத்தில் எட்டிப் பார்த்தால் நர்ஸ், அம்மா, அப்பா, தரை துடைக்கிறவர் என்று பெரியவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். திறக்கவேண்டிய சின்ன வாய்கள் மட்டும் பூட்டுப் போட்டதுபோல் இறுகியிருக்கும்.

அந்த வார்டில், எல்லோரையும்விட அகலமாக வாயைத் திறந்து ஊட்டியே 'ஆ சிஸ்டர்' என்று பேர் வாங்கிய நர்ஸ் ஒருத்தி இருந்தாள். பேர் வைத்தது ஜன்னலோரக் கட்டில்காரி, குட்டி மேடம். வயது ஐந்து. ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. தலையில் ஒரு முடி கிடையாது. அதிகாரத்துக்கு மட்டும் ஒரு குறைவும் கிடையாது. அவளுக்கு ஏற்றுகிற மருந்து நோயை அடிக்கிற கையோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடித்துப் போட்டுவிடும். சாதாரணச் சளிகூட அவளிடம் வந்தால் சாதாரணமாகத் திரும்பிப் போகாது. அதனால்தான் கொரோனா வந்ததும் வார்டின் முதல் கவலை அவளாக இருந்தது.

முகமூடி வந்தது; 'ஆ' போயிற்று.

"உனக்கு வாயே இல்ல," என்றாள் குட்டி மேடம். "வாய் இல்லாதவங்க குடுத்தா நான் குடிக்க மாட்டேன்."

"இருக்குடி ராசாத்தி, உள்ள பத்திரமா இருக்கு."

"காட்டு."

"காட்டக்கூடாதே. பெரிய சிஸ்டர் என்னை வெளிய துரத்திடுவாங்க."

பெரிய சிஸ்டர் என்பவர் வார்டின் தலைமை நர்ஸ். அவர் நடந்து வந்தால் கட்டில் சக்கரங்கள்கூடச் சத்தம் போடாது என்று வார்டில் சொல்வார்கள். முகமூடி மூக்கிலிருந்து ஒரு நூல் இறங்கினாலும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் அவருக்கு.

தடுப்பூசி எதுவும் வந்திராத அந்த நாட்களில், மருத்துவமனை ஊழியர்களில் யார் யாருக்குத் தெரியாமலே கொரோனா வந்துபோயிருக்கிறது, யார் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஊறியிருக்கிறது என்று பார்க்க ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். அதை நடத்தியவர் ஒல்லியாக, ஓட்டமும் நடையுமாகத் திரியும் ஒரு டாக்டரம்மா. ஊசியும் குழாயுமாக அவர் மாடிப்படி ஏறினால் போதும், நர்ஸுகள் மாயமாகிவிடுவார்கள். நாள் முழுக்கக் குழந்தைகளைக் குத்துகிறவர்களுக்குத் தங்கள் கையில் ஊசி என்றால் உயிர் போய்விடும். அந்த மருத்துவமனையில் அது ஊரறிந்த ரகசியம். ஆ சிஸ்டர் இரண்டு முறை துணி அறையில் ஒளிந்தாள். மூன்றாவது முறை டாக்டரம்மா அவளைக் குட்டி மேடத்தின் கட்டிலருகே கையும் களவுமாகப் பிடித்தார்.

"ஒரே ஒரு குத்து சிஸ்டர். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"இந்தப் பொய்யை நாங்கதான் டாக்டர் தினமும் சொல்றோம். எங்ககிட்டயேவா?"

குட்டி மேடத்துக்கு ஒரே குஷி. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "சிஸ்டர், கைய நீட்டு. அழக்கூடாது. பெரிய புள்ளைங்க அழ மாட்டாங்க." இத்தனை நாள் தன் காதில் விழுந்ததையெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தாள். "இப்ப ஆ சொல்லு. சொன்னா வலிக்காது."

ஆ சிஸ்டர் கண்ணை இறுக மூடி முகமூடிக்குள் "ஆஆஆ" என்று நீட்டினாள். குழாய் நிறைந்தது. டாக்டரம்மா பஞ்சை வைத்து அழுத்த, குட்டி மேடம் தன் பெட்டியிலிருந்து ஒரு யானைப் படத்தை எடுத்து அவள் கையில் ஒட்டினாள். எல்லோருடைய ரத்தமும் சேர்ந்த பிறகு ஒன்றாகச் சோதிப்பது என்று ஏற்பாடு. அதுவரை அது குளிர்பெட்டியில் கிடந்தது, அவளும் மறந்துபோனாள்.

சில வாரங்கள் கழித்து அந்தக் காலைப்பொழுது வந்தது. குட்டி மேடத்துக்கு முந்தின நாள் முழுக்க வாந்தி. வாய்க்குள் புண். கசப்பு மருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் இருந்தது. அது உள்ளே போயே ஆகவேண்டும். அம்மாக்காரி கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குட்டி மேடத்திடம் அதிகாரம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அதுதான் ஆ சிஸ்டரை உலுக்கியது.

"முதல்ல நீ ஆ சொல்லு," என்றது குழந்தை, கேட்கக்கூட முடியாத குரலில்.

எப்படி நடந்தது என்று பிறகு பலமுறை யோசித்தாள். கை தானாகப் போயிற்று. முகமூடியைத் தாடைக்கு இழுத்தாள். வாயைத் திறந்தாள். "ஆ..." குழந்தையின் வாய் திறந்தது, கரண்டி போயிற்று, மருந்து இறங்கியது. முகமூடி திரும்ப மூக்குக்கு ஏறியது. அம்மாக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

எல்லா ஊழியர்களுக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிப்பது அந்த வாரம்தான் ஆரம்பமாகியிருந்தது. அன்று காலை அவளும் கொடுத்துவிட்டுத்தான் வார்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் விடுதி அறையில் தலை சீவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கொரோனா இருக்கிறதாம். அறையை விட்டு வெளியே வரவேண்டாம் என்றார்கள்.

சீப்பு கையிலேயே நின்றது. தன்னைப் பற்றிய பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்தத் திறந்த சின்ன வாய்.

யாரும் கேட்கவில்லை, குழந்தையின் அம்மாவைத் தவிரப் பார்த்தவர்களும் இல்லை. ஆனால் பேசாமல் இருந்தால் குழந்தையைத் தனியறைக்கு மாற்ற மாட்டார்கள், அடுத்த சுற்று மருந்தையும் ஏற்றிவிடுவார்கள். உடனே பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் இறக்கினே?"

"ஒரு ஆ சொல்ற நேரம் சிஸ்டர்."

"சரி. பாத்துக்கறேன்." ஒரு திட்டுகூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மதியம் குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டாள். விஷயம் அதற்குள் அங்கே போயிருந்தது. குழந்தையைத் தனியறைக்கு மாற்றியாயிற்று, பரிசோதனைக்கு எடுத்தாயிற்று, அடுத்த சுற்று மருந்தைத் தள்ளிப்போட்டாயிற்று.

"நீங்க எதுக்குச் செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர்," என்றாள் அந்த அம்மா. "நானும் கூடத்தான் நின்னேன், வேணாம்னு சொல்லலை. ஆனா அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உங்களை என்னால மன்னிக்க முடியாது. மனசுல வச்சுக்கிட்டு உங்ககிட்ட நல்லபடியா பேசத் தெரியாது எனக்கு. அதான் சொல்லிட்டேன்."

"சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதுதான் சரி."

அன்று முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து காய்ச்சலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. இருமல் வருமென்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. சோப்பை எடுத்து மோந்து பார்த்தாள். மல்லிகை வாசனை மூக்கைத் துளைத்தது. இதென்ன நோய், ஆளையே காணோமே என்றிருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் போனில் வந்தார். அவருக்குக் கவலை வந்தால் வாய் நிறையக் கிண்டல்தான் வரும்.

"மூக்கு வேலை செய்யுதா? இல்ல அன்னைக்கு மாதிரி வாடகைக்கு விட்டுட்டியா?"

"என்னைக்கு?"

"மறந்துட்டியா? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி லீவுல வந்திருந்தியே. அடுப்புல பால் கரிஞ்சு பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினாரு. நீ பாத்திரத்துப் பக்கத்துலயே நின்னு போன் பேசிட்டு இருந்தே. நாலு நாள் வீடே நாறுச்சு, உனக்கு மட்டும் ஒண்ணும் தெரியலை."

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. வார்டில் பகல் முழுக்கக் கையில் தேய்க்கிற திரவமும் தரைக்கு ஊற்றுகிற பிளீச்சிங்கும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். எந்த நர்ஸைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஊரார் மூக்கையெல்லாம் "வாசனை தெரியுதா?" என்று விசாரிக்கிறவள், தன் மூக்கை விசாரிக்கவில்லை. காய்ச்சல் இருந்தால்தான் பரிசோதனை என்றிருந்த காலம் அது. அவளுக்குக் காய்ச்சலும் இல்லை.

"ஏங்க, அப்ப உங்களுக்கும் ஒரு சளி பிடிச்சுதே?"

"உன் பக்கத்துல படுத்தா பிடிக்காம?" என்றவர், சொல்லி முடித்ததும், "இரு, அப்ப உனக்கு அப்பவே வந்துடுச்சா?" என்றார்.

அவள் போனை வைத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். கரிந்த பாலிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள்.

"இதை ஏன் சிஸ்டர் முன்னாடியே சொல்லலை?"

"பால் கரிஞ்சதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?"

"சரி, இருங்க. உங்க ரத்தம் குளிர்பெட்டியில இருக்கு. காலையில முதல் வேலை அதுதான்."

மறுநாள் மதியத்துக்குள் டாக்டரம்மாவே அறை வாசலுக்கு வந்து, தள்ளி நின்று பேசினார். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"சிஸ்டர், அன்னைக்கு ஆ சொல்லிக் குடுத்தீங்களே, அந்த ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி நிறைய ஊறியிருக்கு. அது ஒரே நாள்ல ஊறாது. அதுக்கும் முன்னாடியே உங்களுக்கு வந்து போயிருக்கு."

"அப்ப முந்தாநாள் மூக்குல இருந்தது?"

"மிச்சம் மீதி. கிருமியோட அளவையும் பாத்தேன், ரொம்ப ரொம்பக் கொஞ்சம். திருடன் எப்பவோ வந்துட்டுப் போயிட்டான். அவன் விட்டுட்டுப் போன செருப்பைப் பாத்துட்டு நாம இப்ப கத்தறோம். உங்ககிட்டேருந்து குழந்தைக்குப் போயிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா முழுசா நம்பறதுக்கு முன்னாடி குழந்தையோட ரெண்டாவது பரிசோதனையும் வரட்டும். முதல்ல எடுத்தது சுத்தம்."

ஆ சிஸ்டருக்கு அன்று கையில் ஒட்டிய யானைப் படம் ஞாபகம் வந்தது. குழந்தை நச்சரித்திராவிட்டால் அந்த ரத்தத்தைக் கொடுத்திருக்கவே மாட்டாள். துணி அறையிலேயே ஒளிந்திருந்திருப்பாள்.

"அப்புறம் ஒண்ணு," என்றார் டாக்டரம்மா. "எதிர்ப்புச் சக்தி இருக்குன்னு இரும்புக் கவசம் போட்ட மாதிரி நினைச்சுக்காதீங்க. திரும்பவும் வரலாம். எவ்வளவு நாள் தாங்கும்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அடுத்த மாசமும் உங்க கை வேணும்."

"இந்தத் தடவை ஒளிய மாட்டேன் டாக்டர். ஆனா குட்டி மேடம் பக்கத்துல இருக்கணும்."

இரண்டாவது பரிசோதனைக்காகக் காத்திருந்த நாட்கள் நகரவே இல்லை. முடிவைச் சொன்னது டாக்டரம்மா இல்லை, பெரிய சிஸ்டரும் இல்லை, குழந்தையின் அம்மா.

"சிஸ்டர், அவளுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு மருந்து ஏத்தப் போறாங்க." குரல் உடைந்தது. "அன்னைக்கு அப்படிப் பேசிட்டேன்..."

"அதை வாபஸ் வாங்காதீங்கம்மா. எனக்கு அது வேணும்."

அவள் வேலைக்குத் திரும்பிய காலை பெரிய சிஸ்டர் வார்டு வாசலிலேயே காத்திருந்தார். முகமூடியை இரு விரலால் அவள் மூக்கின்மேல் அழுத்திவிட்டார்.

"தாடையில மாட்டிக்க இது என்ன தாடியா?"

"இல்ல சிஸ்டர்."

"இன்னொரு தடவை இறங்கிச்சு, நீ இந்த வார்டை மறந்துட வேண்டியதுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "போ. உன் மேடம் காலையிலேருந்து யார்கிட்டயும் மருந்து வாங்கலை," என்றார்.

குட்டி மேடம் தலையணையில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிகாரம் திரும்ப வந்திருந்தது. அம்மா கட்டிலின் அந்தப் பக்கம். ஆ சிஸ்டர் கரண்டியை நீட்டினாள். உதடு இறுகியது.

"முதல்ல நீ."

இறக்க முடியாது, இறக்கவும் மாட்டாள். வேறு வழி தெரியாமல் முகமூடிக்குள்ளேயே, தாடை வலிக்கிற அளவுக்கு வாயைத் திறந்தாள். "ஆஆஆ..."

குட்டி மேடம் கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தாள். முகமூடியின் மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்து, துணி கீழே நீண்டு, மறுபடி சுருங்கியது.

"இன்னொரு தடவை."

"ஆஆஆ..."

"அது ஆ சொல்லுது!" குழந்தை சிரித்தது. "அம்மா, நீயும்!"

அம்மாவின் மடிப்புகளும் விரிந்தன. குழந்தை இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. திடீரென்று கதவைக் காட்டி, "அதுவும்!" என்று கத்தியது.

எல்லோரும் திரும்பினார்கள். கதவோரம் நின்றிருந்த பெரிய சிஸ்டரின் முகமூடி, மடிப்பு மொத்தமும் விரிந்து, நெடுக நீண்டிருந்தது.

"எனக்குக் கொட்டாவி," என்றார் பெரிய சிஸ்டர்.

குட்டி மேடம் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள் கரண்டி போயிற்று.