கிராதிக்காக ஒரு கல்

டமாரென்று லாரியின் முன்கண்ணாடி நொறுங்கியது.

கோவில் வாசலை மறித்து முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பதினாறு பேரின் செபமும் பாதியில் நின்றது. கல்லை எறிந்த வெல்டர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். டிரைவரின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது.

பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதியைப் பெயர்த்துக்கொண்டு போக வந்த லாரி அது. இனி யாரும் கிராதியில் மண்டியிட்டு நன்மை அப்பம் வாங்க வேண்டாம், நின்றே வாங்கலாம் என்று கோவிலை நடத்தும் பங்குக் குழு முடிவு செய்திருந்தது. இரண்டு வருடமாக வெல்டரின் கூட்டம் அதைத் தடுத்து வந்தது. மனு, மறியல், கோஷம் எதுவானாலும் முதலில் ஒரு செபமாலை. அது அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம்.

லாரி திரும்பிப் போனது. வெல்டர் வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி, மகளின் வெள்ளை கவுனுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மகள் முதல்முறையாக நன்மை வாங்கும் புதுநன்மை.

"வீட்ல ஒரு எலிய அடிக்கச் சொன்னா கை நடுங்குது. ரோட்ல ஆள் மண்டைய மட்டும் குறி தப்பாம அடிக்கிறீங்க. டிரைவருக்கு அஞ்சு தையலாம்."

"விடு."

"பாவசங்கீர்த்தனம் பண்ணாம நாளைக்கு அவ பக்கத்துல நன்மை வாங்க முடியாது, தெரியும்ல?"

"போறேன்டி."

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு அந்தப் பக்கம் வயதான சாமியார் காதைச் சாய்த்தார்.

"கல்லெறிஞ்சேன் சாமி. ஆண்டவருக்காக."

"அவர் கேட்டாரா?"

வெல்டர் தட்டியின் பின்னலை விரலால் நோண்டினார்.

"நானும் உங்க பக்கம்தான்பா. மனுவுல முதல் கையெழுத்தே என்னோடது. டிரைவர் மண்டைய உடைச்சதுக்கு மனஸ்தாபப்பட்டு வருந்துறியா, அதைச் சொல்லு."

"படுறேன்னு சொல்லிடலாம். ஆனா திங்கக்கிழமை லாரி மறுபடி வருமே சாமி."

"இனிமே செய்யமாட்டேன்னு சொல்லாம பாவமன்னிப்பு இல்ல. ஊருக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக் குடுக்கிறவன் நீ. உனக்கு நான் சொல்லணுமா?"

வெளியே வரிசையில் யாரோ பொறுமையில்லாமல் இருமினார்கள். வெல்டர் வலித்த முழங்காலை மாற்றி ஊன்றினார்.

"சரி, செபமாலையில எத்தனாவது மணி சொல்லும்போது எழுந்து கல்லெடுத்தே?"

வெல்டர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு நெற்றியைத் தட்டியில் சாய்த்துக்கொண்டார்.

"தெரியல சாமி. ரெண்டு வருஷமா வாய்தான் செபம் சொல்லுது, நான் லாரி வருதான்னு கேட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன்."