சும்மா ஊசி

புருவம் எடுத்துக்கொண்டிருந்தபோது நூல் எகிறிவிட்டது. நாற்காலியில் இருந்தவள் "ஆ!" என்று அலற, கண்ணாடியில் பார்த்தால் புருவத்தின் நடுவில் கடுகளவு வழுக்கை. கல்யாணப் பெண்கள் என் கைதான் வேண்டும் என்று காத்திருந்த பார்லரில், முதலாளியம்மா என்னைத் துண்டு மடிக்க உட்கார வைத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் உடம்பே என் தைராய்டை உசுப்பிவிடுகிறதாம். அதனால்தான் படபடப்பு, வியர்வை, இந்தப் பாழாய்ப்போன கைநடுக்கம். மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி ஆட்டம் போடும். ஆஸ்பத்திரியில் புது ஊசி ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று கேட்டதும் நானும் அதில் சேர்ந்துகொண்டேன்.

நர்ஸக்கா எதையும் ஒளிக்கவில்லை. "பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ரத்தத்துல தைராய்டு அளவு கூடினா நாங்களே பழைய மாத்திரை கொடுத்துருவோம். நீங்களா எதையும் போட்டுக்காதீங்க."

வீட்டுக்காரருக்குக் கேட்கவா வேண்டும்! ஒவ்வொரு தடவை திரும்பும்போதும், "என்ன, சும்மா ஊசி போட்டாச்சா?" என்பார். முதலில் நானும் சிரித்தேன். வாரங்கள் போயும் கை நிற்காதபோது சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை போல. ஒரு நாள் பழைய மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றார்.

"பேசாம இதைப் போட்டுக்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"கை நின்னா சரிதானே?"

"எதனால நின்னுச்சுன்னு தெரிய வேணாமா? நாளைக்கு இன்னொருத்தி இதே நடுக்கத்தோட வந்து நிப்பா. என் பொய்யை நம்பியா அவளுக்கு ஊசி போடுறது?"

கோபம் அவர்மேல் இல்லை. அந்த மாத்திரையைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்ததே, அதன்மேல்தான். வாங்கி டப்பாவில் போட்டு மூடினேன்.

அடுத்த முறை அவரும் கூடவே வந்தார். நர்ஸக்கா மின்விசிறியை நிறுத்திவிட்டு, நீட்டிய என் வலது கைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். போன தடவை அது படபடவென்று அடித்துக் கீழே விழுந்திருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி," என்றார் வீட்டுக்காரர், குனிந்து பார்த்து. "சும்மா இருக்கு?"

குரலில் கிண்டல் இல்லை. தாளின் ஒரு முனை மட்டும் லேசாக அசைந்து அடங்கியது. மருந்தா, உப்புத்தண்ணியா, அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

"இதுலயும் வைங்கக்கா," என்று இடது கையையும் நீட்டினேன்.